ஐ.ஜி. பார்பன் கட்டாயப்படுத்தப்பட்டதா?

ஹிட்லர் அரசு மிரட்டியதால்தான் ஜெர்மனியின் ஐ.ஜி. பார்பன் ரசாயன நிறுவனம் கைதிகளை வேலை வாங்கியது என்று ஒரு செய்தி பரவுகிறது. இது பொய். 1941இல், ஜெர்மனி பிடித்திருந்த போலந்தில், ஆஷ்விட்ஸ் வதைமுகாம் அருகே செயற்கை ரப்பர் ஆலைக்கு இடம் தேர்ந்ததே அந்நிறுவனத்தின் அதிகாரிகள்தான். ஒரு கைதிக்கு நாளொன்றுக்கு 3 அல்லது 4 மார்க் கொடுத்தது. அந்தக் கூலியும் முகாமை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படைக்கே போனது. 1942இல் ஆலையை ஒட்டி மோனோவிட்ஸ் முகாமே எழுந்தது. உழைக்கும் தெம்பு போனவர்களை ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவின் நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பினார்கள்.

‘வேறு வழியில்லை’ என்ற இதே வாதத்தை, போருக்குப் பின் நியூரம்பெர்க் நகரில் நடந்த போர்க்குற்ற விசாரணையிலும் நிறுவன அதிகாரிகள் வைத்தார்கள். ஆஷ்விட்ஸ் விஷயத்தில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; 1948இல் ஐந்து பேரை அடிமை உழைப்புக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் ஒருவரான பிரிட்ஸ் தெர் மேர், 1956இல் ஜெர்மனியின் பேயர் மருந்து, ரசாயன நிறுவன மேற்பார்வைக் குழுவின் தலைவரானார். நெஞ்சு பொறுக்கவில்லை.