'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' போட்ட காசைக்கூட எடுக்கவில்லையா?

அமெரிக்கக் குழந்தைகள் சேனலான நிக்கலோடியனின் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூன் தொடரை எம். நைட் ஷியாமளன் 2010இல் படமாக்கினார். "அது வசூலில் மண்ணைக் கவ்விய படம், செலவுகூடத் திரும்பவில்லை" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

தயாரிப்புச் செலவு சுமார் 15 கோடி டாலர். உலக வசூல் சுமார் 31.9 கோடி டாலர், அதில் அமெரிக்கா, கனடாவில் வந்தது மட்டும் 13 கோடிக்கு மேல். தியேட்டர் பங்கு, விளம்பரச் செலவு போனால் பெரிய லாபம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் கூட்டமே வரவில்லை என்பது சுத்தப் பொய்.

சரி, பிறகு ஏன் இந்தப் பேச்சு? படம் அவ்வளவு மோசம்! 20 எபிசோடுகள் கொண்ட முதல் சீசனை ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் அடைத்தார்கள். தொடரின் உயிரான நகைச்சுவை காணாமல் போனது. ஆசிய, இனுயிட் (ஆர்க்டிக் பகுதிப் பழங்குடியினர்) சாயல் கொண்ட நாயகப் பாத்திரங்களுக்கு வெள்ளை நடிகர்களைப் போட்டதும் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. மோசமான படங்களுக்குக் கேலியாகத் தரப்படும் ராஸி விருதுகளில், 'மோசமான படம்' உட்பட ஐந்து கிடைத்தன. மூன்று பாகத் திட்டம் முதல் பாகத்தோடு நின்றது.