கோப்பை ஜெயித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை

2025 நவம்பர் 2 ராத்திரி இந்தியக் கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர் நவி மும்பையில் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்தில் எங்கள் கிளப் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிற மைதானத்துக்குப் புதிதாக 14 பேர் வந்தார்கள். மழை நேரம், பந்து போட மேட்டிங் பாய் விரிக்கிற இடத்தைச் சுற்றி ஒரே சேறு, அதில் பள்ளிக்கூட ஷூவோடு வந்து நின்ற பிள்ளைகளைப் பார்க்க மனசு நிறைந்துபோனது. கூட வந்த அப்பாக்களில் பாதிப் பேர் கேட்டது ஒன்றுதான்: "செலக்‌ஷன் எப்போ? எத்தனை வருசத்துல டீமுக்குள்ள போகலாம்?"

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மதுரைப் பிள்ளை கமலினியை 2024 டிசம்பரில் நடந்த பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்தில் மும்பை இந்தியன்ஸ் 1.6 கோடிக்கு எடுத்த செய்தி எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறது. வயநாட்டு மின்னு மணி 2023-லேயே இந்தியாவுக்கு ஆடிவிட்டாள். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இருபது வருசமாக இந்த கிளப்போடு கிடக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன், பெண்கள் கிரிக்கெட் கிளப் ஒன்று வளர்ந்திருக்கிறதா என்று தெரிய, எத்தனை பேர் செலக்ட் ஆனார்கள் என்று எண்ணாதீர்கள். செலக்ட் ஆகாத பிள்ளை அடுத்த வாரமும் வந்தாளா என்று பாருங்கள்.

2005-ல் ஆரம்பித்தபோது நாங்கள் 9 பேர். ஆள் குறைவதால் யாருடைய தம்பியையாவது ஃபீல்டிங்கில் நிறுத்துவோம். ஸ்டம்புக்கு ரப்பர் மரக் கம்பு, ஸ்டம்பர் பந்து, மட்டை ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு அண்ணன் கைப்பிடி போய்விட்டதென்று தூக்கிப் போட்டதை சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டி வைத்தது. சாயங்காலம் மைதானம் பையன்களுக்கு. எங்களுக்குக் கிடைத்தது காலை ஆறிலிருந்து ஏழரை வரை. அப்புறம் நம் மாவட்டத்துக்குத்தான் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டும் உண்டே, பல மாதம் பயிற்சியே நடக்காது.

உடுப்பைப் பற்றியும் பேச்சு வந்தது. வயசுக்கு வந்த பிள்ளை டிராக் பேண்ட் போட்டு ரோட்டில் போவதா என்று. மேலாடை போடும் உரிமைக்காக நம் பெண்கள் பல வருசம் அடிபட்டு, 1859-ல் திருவிதாங்கூர் ராஜாவின் உத்தரவு வரை கொண்டுபோன மண் இது. பிள்ளைகள் எதைப் போட வேண்டும் என்று இந்த ஊரில் நின்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

கிட் பேக் வந்தது நாலைந்து வருசம் கழித்து. எல்லாம் ஆண்கள் அளவு. பந்தும் அவர்கள் பந்துதான், ஏறக்குறைய 156 கிராமுக்கு மேல் இருக்கும். பெண்கள் கிரிக்கெட்டில் 140 முதல் 151 கிராம் வரை உள்ள பந்து, சுற்றளவும் கொஞ்சம் குறைவு. இது அன்றைக்கு எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. எங்களிடம் ஆஃப் ஸ்பின் போடுகிற பிள்ளை ஒருத்தி இருந்தாள், பெரிய பந்தில் விரலை அகட்டிப் பிடித்தே இரண்டு வருசம் பழகியவள். செலக்‌ஷனில் அந்தச் சின்னப் பந்தைக் கையில் கொடுத்ததும் முதல் மூன்றும் நழுவி, தரையில் குத்தாமலே போன ஃபுல்டாஸ். நாலாவது பந்துக்கு முன் அதை டிராக் பேண்டில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பந்தில் ஈரமே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குத் திறமை போதாது என்று வீட்டில் முடிவு செய்தார்கள், அதோடு நின்றுவிட்டாள். சரியான பந்து ஒன்றே ஒன்று நாங்கள் வாங்கியிருந்தால் போதும். தப்பு எங்களுடையது, இன்றைக்கும் உறுத்துகிறது.

எங்கள் கிளப்பில் ஆள் கூடியது எதனால் தெரியுமா? கோப்பையால் இல்லை, கக்கூஸால். மைதானத்தில் அது கிடையாது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலேயே ஆடி, தலை சுற்றி உட்காருவார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கூப்பிட்டு, "பின்வாசல் தொறந்துதான் கெடக்கும் மக்களே, கேக்காண்டாம், போயிட்டு வாங்க" என்றார். அந்த வருசம்தான் முதல்முறையாகப் பதினொன்றைத் தாண்டினோம்.

நாட்டளவிலும் கதை பெரிதாக வேறு இல்லை. 1973-ல் தொடங்கிய பெண்கள் கிரிக்கெட் சங்கம் 2006-ல் இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயோடு சேரும் வரை கையில் காசில்லாமல்தான் ஓடியது. அன்றைய இந்தியக் கேப்டன் சாந்தா ரங்கசாமி காலத்து ஆட்கள் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் போய், டார்மிட்டரித் தரையில் படுத்து எழுந்து ஆடினார்கள். அப்படி ஆடித்தான் 1976-ல் பாட்னாவில் மேற்கிந்தியத் தீவுகளை டெஸ்டில் ஜெயித்தார்கள். ஆடினால் ஏலத்தில் போகலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

அதனால் அப்பாக்களே, பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பிள்ளைகளுக்கென்று மைதானத்தில் நிலையான நேரம் உண்டா? இருட்டுவதற்குள் வீட்டுக்கு வர வழி என்ன? கக்கூஸ் இருக்கிறதா? கையில் கொடுக்கும் பந்து எத்தனை கிராம்? பிளஸ் டூ வந்ததும் பிள்ளையை நிறுத்திவிடாமல், பரீட்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி உங்களுக்கு.

தொடங்கிய 9 பேரில் மூன்று பேர் இன்றும் வருகிறோம். ஒருத்தி குலசேகரத்திலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வருகிறாள், மகள் பந்து போட அம்மா கீப்பிங். புதிதாக வந்த 14 பேரில் 11 பேர் நிற்கிறார்கள். நின்றுபோன மூன்று பேர் வீட்டுக்கும் போனேன். ஒரு பிள்ளை, பிராக்டீஸ் மேட்சில் சேர்க்கவில்லை என்ற வருத்தத்தில் வராமல் இருந்திருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் மூன்றாவதாக பேட்டிங் இறங்குகிறாள். புதுப் பந்து ஆறு வாங்கியிருக்கிறோம், பலசரக்குக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டேன், எல்லாம் 150-க்குள்தான்.