பினோடாஜின் பெற்றோர் யார்?

தென்னாப்பிரிக்காவில் சிவப்பு ஒயினுக்குப் பயன்படும் திராட்சை ரகமான பினோடாஜ், பினோ நுவார் திராட்சையையும் பிரான்ஸின் எர்மிதாஜ் மலைச்சரிவில் விளையும் சிரா திராட்சையையும் இனக்கலப்பு செய்து உருவாக்கப்பட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்ந்துவருகிறார்கள்.

முதல் பாதி சரி. இரண்டாவது பெற்றோர் சிரா அல்ல, சான்சோ. தென் பிரான்ஸில் பரவலாக விளையும், வெயிலைத் தாங்கும் ரகம் அது. குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி விவசாயிகள் அந்தக் காலத்தில் சான்சோவைத்தான் ‘எர்மிதாஜ்’ என்று அழைத்தார்கள். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆபிரகாம் பெரோல்ட் 1925இல் இரண்டு ரகங்களையும் இனக்கலப்பு செய்தபோது கிடைத்தவை நான்கே விதைகள். அவற்றைத் தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டார். ‘பினோ’வின் தலையும் ‘எர்மிதாஜ்’ஜின் வாலும் ஒட்டிப் பிறந்ததே பினோடாஜ் என்ற பெயர். பெயரை மட்டும் பார்த்தால் யாருக்கும் சிராவின் நினைவுதான் வரும். எழுதியவரைக் குறை சொல்வதற்கில்லை.

நீங்களே சரிபார்க்கலாம். ஜெர்மனியின் யூலியுஸ் கூன் நிறுவனம் நடத்தும் பன்னாட்டுத் திராட்சை ரக அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பினோடாஜ் (Pinotage) என்று தேடினால், பெற்றோர் இருவரின் பெயரும் தனித்தனி வரியில் வரும். அங்கிருந்தே சான்சோவின் பக்கத்துக்குச் சென்று மாற்றுப் பெயர்களின் நீண்ட பட்டியலைப் பாருங்கள். ‘எர்மிதாஜ்’ அங்கேயும் இருக்கும்.