வேர்க்கிறவனுக்குச் சட்டை இல்லையாம்

ஷட்டில் ஆட ஒரு காலர் டி-ஷர்ட் வேண்டும், பருத்தியில். இவ்வளவுதான் கேட்டேன். அதுக்கு இந்தப் பாடா?

திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய கடைக்குப் போனால், டென்னிஸை வைத்தே பேர் வாங்கிய பழைய வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் 'இலையுதிர்-குளிர்கால கலெக்‌ஷன்' வாசலிலேயே நிற்கிறது. பொம்மைக்கு ஹூடி, அதுக்கு மேலே பஞ்சு அடைத்த ஜாக்கெட். வெளியே புரட்டாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது. இலையுதிர்காலமாம்! நமக்கு ஆனி ஆடியில் குற்றாலச் சாரல், ஐப்பசி கார்த்திகையில் மழை, மிச்சமெல்லாம் வெயில். மாஞ்சோலை மலைக்குப் போனால் ஒருவேளை அந்த ஜாக்கெட்டைப் போடலாம்.

சரி, அதை விடுங்கள். வயிற்றெரிச்சல் சட்டையில்தான். சுவரில் கறுப்பு வெள்ளையில் பழைய டென்னிஸ் படம், பாரம்பரியம் அது இது என்று வாசகம். காலருக்குள் இருக்கும் லேபிளைப் புரட்டினால் நூறு சதவீதம் பாலியஸ்டர். வெயிலில் காயப் போடக் கூடாதாம். பாளையங்கோட்டையில் வேறு எங்கே காயப் போட?

இந்த மாதிரிச் சட்டை பிறந்த கதையாவது இவர்களுக்குத் தெரியுமா? அந்தக் காலத்தில் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து டென்னிஸ் ஆடினார்கள். அது தாங்காமல்தான் பிரான்ஸின் டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் 1926 அமெரிக்கப் போட்டியில் அரைக்கை பருத்திச் சட்டையோடு இறங்கினார். 1933-இல் பின்னலாடைத் தயாரிப்பாளர் ஆந்த்ரே ஜிலியேவோடு சேர்ந்து அதை விற்பனைக்கே கொண்டுவந்தார். பிக்கே பின்னல், கிட்டத்தில் பார்த்தால் பொடிப்பொடியாகக் குழி தெரியும், காற்று போய் வரும். மெத்தென்ற காலர், வெயில் அடித்தால் பின்கழுத்துக்குத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். முதுகுப் பக்கம் கொஞ்சம் நீளம், எம்பினாலும் பேண்ட்டை விட்டு வெளியே வராது.

இங்கே? (லகோஸ்ட் கம்பெனி மேல் பழி இல்லை, நான் பார்த்த கம்பெனி வேறு.) தோள் தையல் முழங்கைக்குப் பக்கத்தில் இறங்கிக் கிடக்கிறது. ட்ரையல் ரூமில் ஸ்மாஷ் அடிப்பதுபோல் கையைத் தூக்கினால் சட்டை மொத்தமும் ஏறித் தொப்புள் தெரிகிறது. நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு லோகோ, பிளாஸ்டிக் மாதிரி தடித்து ஒட்டியிருக்கிறது. அந்த இடத்தில் காற்றே புகாது. விலை 6,999.

"இதைப் போட்டு ஆட முடியுமா தம்பி?" என்றேன்.

"இது ஆடுறதுக்கு உள்ளது இல்ல அண்ணாச்சி. போட்டுட்டு வெளிய போறதுக்கு."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மைதானத்தில் சிந்திய வேர்வையில் பேர் வாங்கிவிட்டு, வேர்க்கிறவனுக்கு ஒரு சட்டை வைக்காதவர்களைத்தான் பிடித்துக் கேட்க வேண்டும்.

அப்புறம், நல்ல பருத்திப் பின்னலுக்கு நாம் சீமைக்கா போக வேண்டும்? திருப்பூரிலிருந்து உலகம் முழுக்கப் போகிறது. டவுன் ரத வீதியில் ஏற்றுமதி மிச்சம் என்று குவித்திருப்பதைக் கிளறினால் சில சமயம் அருமையான பிக்கே கிடைக்கும். என் அளவு மட்டும் இருக்காது. இருந்தால் நெஞ்சில் ஏதாவது ஒரு ஜெர்மன் கம்பெனி பேர் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், பருத்திதானே.