58.6 டன் கணக்கில் ஒரு திருத்தம்

"ஒரு குழந்தையைத் தவிர்த்தால் ஆண்டுக்கு 58.6 டன் கார்பன் மிச்சம், இந்தக் காலத்தில் பிள்ளை பெறுவதே குற்றம்" என்று ஒருவர் புதுமணத் தம்பதிக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார். எண் கற்பனை இல்லை, 2017-இல் வந்த வைன்ஸ், நிக்கோலஸ் ஆய்வில் இருக்கிறது. ஆனால் அது வளர்ந்த நாடுகளுக்குப் போட்ட கணக்கு. ஒரு குழந்தை ஆண்டுதோறும் வெளியிடும் அளவும் அல்ல. பிள்ளையின் உமிழ்வில் பாதி, பேரப்பிள்ளையுடையதில் கால் என்று தலைமுறை தலைமுறையாகக் கூட்டி, அதைப் பெற்றவரின் ஆயுளால் வகுத்தது. (கொள்ளுப்பேரன் ஓட்டும் காரின் புகையிலும் பாட்டிக்குப் பங்கு!)

அதைவிட முக்கியம், இன்றைய உமிழ்வு அப்படியே தொடரும் என்ற ஊகம். இதற்கு மூலமான 2009 ஆய்வில், அந்த ஊகப்படி அமெரிக்கக் குழந்தை ஒன்றுக்கு, பின்வரும் தலைமுறைகளின் பங்கும் சேர்த்து, மொத்தம் சுமார் 9,441 டன். உமிழ்வு வேகமாகக் குறைந்தால் 562 டன்தான். ரெண்டும் ஒரே குழந்தைக்குத்தான்!

சராசரி இந்தியர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடோ ஆண்டுக்கு 2 டன் அளவில்தான். பிள்ளை வேண்டாம் என்பது அவரவர் விருப்பம், சரி. அதற்கு இந்த எண்ணைக் காட்டி மிரட்ட வேண்டியதில்லை.