ரெண்டாவது பொட்டலம்

ஞாயித்துக்கிழமை நம்ம குரூப் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்குற இடத்துல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், பேர் சொல்லப் போறதில்ல. ஆனா "வாங்குனவங்க விரல்ல எலெக்‌ஷன் மை வச்சிடலாம், அப்பதான் திரும்ப வர மாட்டாங்க"ன்னு குரூப்புல ஒருத்தர் போட, அதுக்குக் கீழ 11 பேர் தம்ஸ்அப் போட்டிருக்கீங்க பாருங்க, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல.

ரெண்டாவது தடவை வந்தா என்னய்யா?

நாம நிக்குறது கவர்மென்ட் ஆஸ்பத்திரி வாசல்ல. அங்க சாப்பாடு பெட்ல படுத்திருக்கிற நோயாளிக்குத்தான், கூட இருக்கிற அட்டெண்டருக்குக் கிடையாது. அவங்களால நகரவும் முடியாது, எப்ப டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாரோ, எப்ப மருந்துச் சீட்டை நீட்டி ஓடச் சொல்வாங்களோ, அதனால பக்கத்து பெட்டுக்கும் சேத்து ஒரு ஆள் இறங்கி வருவாங்க. அந்தப் பச்சைப் புடவை அக்கா திரும்ப வந்தது இதுக்குத்தான். நம்மாளு "இப்பதானே வாங்குனே"ன்னு சத்தம் போட்டதும், எந்த வார்டு, எத்தனாவது பெட்டுன்னு எல்லார் முன்னாடியும் ஒப்பிச்சாங்க. ஒரு தயிர்சாதப் பொட்டலத்துக்கு!

2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர்ல மொட்டை மாடியில கிடந்தவன் நான். மாசச் சம்பளக்காரன், இஎம்ஐ கட்டுறவன், தண்ணி வடிஞ்சதும் தெருமுனையில பொட்டலத்துக்குக் கை நீட்டினேன். கீழ் வீட்டுப் பாட்டிக்கு இன்னொண்ணு கேட்டப்ப அந்தப் பையன் என் மூஞ்சைப் பாத்த பார்வை இருக்கே... கொடுத்தான், இல்லன்னு சொல்லல. பாட்டி சாப்பிட்டாங்க. எனக்கு அன்னிக்கு இறங்கல.

"கடைசில நிக்குறவங்களுக்கு இல்லாம போகுமே"ம்பீங்க. நியாயம்தான். அப்ப இன்னும் நாலு படி அரிசி போடுங்க. ஃப்ளெக்ஸுக்குக் காசு இருக்கு, டி-ஷர்ட்டுக்குக் காசு இருக்கு, அரிசின்னா மட்டும் கணக்கு வந்துடுது. "கொண்டு போய் விக்குறாங்க"ன்னு இன்னொரு மேதை. ஆறிப்போன சாதத்தை எந்த மார்க்கெட்ல வாங்குறாங்கன்னு சொல்லுங்க சார், நானும் கடை போடுறேன்.

1867ல வள்ளலார் வடலூர்ல பத்த வச்ச அடுப்பு இன்னும் எரியுது. ரெண்டு தடவை அங்க சாப்பிட்டிருக்கேன், யாரும் என் விரலைப் பாக்கல. நம்ம குரூப் டிபி கூட அவர் படம்தான், அது வேற விஷயம்.

நான் சென்டிமென்ட் பேசுறேனாம். வாராவாரம் நாலு மணிக்கு எந்திரிச்சு வெங்காயம் உரிக்கிறவன் பேசாம யாரு பேசுறது? குரூப்பை அட்மின் ஒன்லி ஆக்கிட்டீங்க, அதான் இங்க வந்து புலம்புறேன்.

மை பாட்டில் ஆர்டர் போட்டாச்சாம். நல்லது, மொதப் புள்ளிய என் விரல்ல வைங்க. போன வாரம் மிஞ்சுனதுல ரெண்டு பொட்டலம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன், எந்த வார்டு எத்தனாவது பெட்டுன்னு ஒருத்தரும் கேக்கல.