மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கச் சொல்கிறவர்களுக்கு

கடனில் மூழ்கியவனைப் பார்த்து ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லும் அறிவுரை, "பேசாமல் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள்" என்பதுதான். ஏதோ ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் மறுநாள் விடிவதற்குள் கடனெல்லாம் கரைந்துவிடும் என்ற நினைப்பில் சொல்கிறார்கள். திவாலாகிவிட்டேன் என்று அறிவிக்கும் அந்த நோட்டீஸை எங்கே, யாரிடம், எந்தச் சட்டத்தின் கீழ் கொடுப்பது என்று எட்டு மாதங்களாக அலைந்துகொண்டிருப்பவன் நான். இனி யாராவது என்னிடம் அதைச் சொன்னால், அவரையே நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.

எனக்கு இருப்பது ஒரு சிறிய லேத் பட்டறை. என்னிடம் உதிரி பாகம் வாங்கிய பெரிய நிறுவனம் ஒன்று, என் பதினோரு லட்சம் ரூபாய் பாக்கியோடு, நிறுவனங்களின் திவால் வழக்குகளை விசாரிக்கும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது. 2016 ஆம் ஆண்டின் திவால் சட்டம் அந்த நிறுவனத்தை எப்படித் தாங்கிப் பிடித்தது தெரியுமா? மனு ஏற்கப்பட்ட நாள் முதல் அதன்மீது யாரும் வழக்குத் தொடரவோ சொத்தை ஜப்தி செய்யவோ முடியாது. 180 நாட்களில் முடியவேண்டிய நடவடிக்கையை, வழக்குகளுக்கான காலத்தையும் சேர்த்து 330 நாட்கள் வரை நீட்டலாம். அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் குழுவில் வங்கிகளுக்கு வாக்கு உண்டு. சரக்கு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் என்னைப் போன்றவனுக்கு வாக்கு கிடையாது. நிறுவனத்தைக் கலைத்து விற்றிருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்குமோ, அதையாவது தரவேண்டும் என்று சட்டம் பெருந்தன்மையோடு சொல்கிறது. ஆனால் கலைத்து விற்கும்போது நடவடிக்கைச் செலவு, அடமானம் பெற்ற வங்கிகள், தொழிலாளர் சம்பளம், பிணையில்லாக் கடன் கொடுத்தவர்கள், அரசுப் பாக்கி என்று எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் என் இலை விழும். அதில் பரிமாற எதுவும் மிஞ்சவில்லை. வங்கிகள் விட்டுக்கொடுக்கும் தொகைக்கு 'ஹேர்கட்' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு மொட்டையே அடித்துவிட்டார்கள். கைக்கு வராத அந்தப் பணத்துக்கு நான் ஜிஎஸ்டி வேறு கட்டியிருக்கிறேன் என்பதையும், அதைத் திரும்பப் பெற வழியில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

சரி, அந்தப் பணம் வராததால் நான் வங்கிக்குத் தவணை கட்ட முடியவில்லை. எனக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கும்தானே என்று விசாரித்தேன். கிடைக்காதாம். பட்டறைக்கு நான் ஒருவனே உரிமையாளர் என்பதால் சட்டத்தின் கண்ணில் பட்டறையும் நானும் ஒன்று. அதன் கடன் என் வீட்டுக் கூரை வரை ஏறும். அதே 2016 சட்டத்தில் தனிநபர்களுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் என்றே தனிப் பகுதி எழுதப்பட்டிருக்கிறது. திருப்பிச் செலுத்தும் திட்டம் தரலாம், முடியாவிட்டால் திவாலாகி ஓராண்டில் விடுதலை பெறலாம் என்றெல்லாம் அதில் நல்ல நல்ல வழிகள் உண்டு. ஆனால் நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அவர்களுக்கும் 2019 டிசம்பரில்தான் வந்தது, அதுவும் பெரும்பாலும் வங்கிகள் அவர்களைத் துரத்துவதற்கே பயன்படுகிறது. அந்தப் பகுதியில் ஏழைகளுக்கான 'புதிய தொடக்கம்' என்ற திட்டத்தின் தகுதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன: ஆண்டு வருமானம் 60,000 ரூபாய், சொத்து 20,000 ரூபாய், கடன் 35,000 ரூபாய், இவற்றைத் தாண்டக்கூடாது, சொந்த வீடும் இருக்கக்கூடாது. அப்படிப்பட்டவருக்கும் அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

ஆக மிச்சமிருப்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள். சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909 சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920 சட்டம். ஊரார் மஞ்சள் நோட்டீஸ் என்பதும், வக்கீல்கள் 'ஐ.பி. (இன்சால்வென்சி பெட்டிஷன்) போடுவது' என்பதும் இதைத்தான். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்பதிலிருந்தே அதன் வயதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மனு ஏற்கப்பட்டு ஒருவர் நொடித்தவராக அறிவிக்கப்பட்டால், அவருடைய சொத்து நீதிமன்றம் நியமிக்கும் அதிகாரியின் கைக்குப் போகும். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் மனைவி பெயருக்கோ மச்சினன் பெயருக்கோ சும்மா எழுதிவைத்ததை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானதை இந்த அறிவுரைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை: வீட்டை அடமானம் வாங்கிய வங்கியை இந்த நோட்டீஸ் தடுக்காது. அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி விற்க வழிவிடும் சர்ஃபேசி சட்டப்படி, அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அது தன் போக்கில் ஏலத்துக்குப் போகலாம். காசோலை திரும்பிய வழக்கும் தனியாக நடந்துகொண்டே இருக்கும்.

"பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்திருக்க வேண்டும்" என்று ஆடிட்டர் இப்போது ஞானம் பேசுகிறார். சிறு தொழில்களுக்கென்று 2021 இல் கொண்டுவந்த எளிய திவால் முறையும் நிறுவனங்களுக்கும் எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைகளுக்கும் மட்டும்தான் என்பது உண்மையே. ஆனால் பதிவு செய்திருந்தாலும், இயக்குநரின் சொந்த உத்தரவாதக் கையெழுத்து இல்லாமல் எந்த வங்கி எனக்குக் கடன் கொடுத்திருக்கும்? தீர்ப்பாயம் ஏற்ற தீர்வுத் திட்டத்தின் மூலம் நிறுவனத்தின் கடன் முடிந்துபோனாலும் உத்தரவாதம் தந்தவரின் பொறுப்பு தானாக நீங்காது என்று 2021 இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இதற்கிடையில், காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதியை அறியாத வசூல்காரர் ஒருவர் விடியற்காலையில் என் மகளின் எண்ணுக்கு அழைக்கிறார். கடனைப் பாதியாக்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களோ, முழுதாகக் கட்டாமல் முடித்த கடன் என்று காட்டும் 'செட்டில்டு' முத்திரை, நம் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை மறந்தும் சொல்வதில்லை. கடைசியில் நானே வங்கி மேலாளரிடம் உட்கார்ந்து ஒரே தவணைத் தீர்வுக்கு எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

பதில் வந்தது வேறோர் இடத்திலிருந்து. என் பதினோரு லட்சத்தை விழுங்கிய அதே நிறுவனம், புதிய நிர்வாகத்தின் பெயரில், அதே உதிரி பாகத்துக்கு விலை கேட்டுப் போன வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. சிறு தொழில்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்பது சட்டம். பில் கொடுத்த தொண்ணூறாவது நாள் தருவார்களாம்.